போனில் வாங்கிய கூறைச் சேலை

ஜனவரி 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பதுளை முழுக்கப் பனிமூட்டம். ஹாலிஎலயிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சேலைக் கடையில் ஆளே இல்லை. பட்டு அலுமாரியைத் துடைத்தேன், தேத்தண்ணி குடித்தேன், மறுபடி துடைத்தேன். மு. கல்லாவிலேயே தூக்கம். மு. என்றால் முதலாளி. எனக்குப் புரிந்தால் போதும்.

முன்பெல்லாம் தை பிறக்கும் முன்பே கல்யாணக் கூறை எடுக்கத் தோட்டங்களிலிருந்து வேன் வேனாக வருவார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு நிறம் பிடிக்கும், அத்தைக்கு இன்னொன்று. சித்தப்பாவுக்குச் சோடா மட்டும் போதும். எந்தச் சேலையையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் எடுக்க மாட்டார்கள். நான்தான் பழக்கிவிட்டேன், டியூப் லைட்டை நம்பாதீர்கள் என்று. அப்போது அந்தச் சத்தம் தலைவலி. இப்போது அதற்காக ஏங்குகிறேன்.

மாலை தண்ணி பிடிக்கும் பீலியடியில் பக்கத்து வீட்டுச் சரோஜா: "மல்லிகா கூறைய போன்லயே எடுத்துட்டாளாமே. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. மல்லிகாவும் நானும் ஒரே தோட்டத்து லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளர்ந்தவர்கள். அவள் மகன் குமாருக்கு இந்தத் தையில் கல்யாணம். பெண் எல்ல ஊர்ப் பக்கம். கூறைக்கு என்னிடம் வராமல் எங்கே போய்விடுவாள் என்று இருந்தேன். கோபம்தான், வேறென்ன.

ஜனவரி 8, வியாழன்

மழை விட்டது. வாங்க: கோதுமை மா, சவர்க்காரம், கருவாடு.

மல்லிகாவே வந்தாள். கொழுந்து பறித்த கையோடு, முகம் செத்துப்போய். வங்கி அட்டை நம்பரைக் கொடுத்துக் காசு முழுவதையும் முதலிலேயே கட்டிவிட்டாளாம். சேலை வரவில்லை. கேட்டால் நாளைக்கு, நாளைக்கு என்கிறார்களாம்.

போனை வாங்கிப் பார்த்தேன். அரக்கு நிறம், நல்ல சரிகை. எங்கேயோ பார்த்த மாதிரி. படத்தைப் பெரிதாக்கினேன். முந்தானையைப் பிடித்திருக்கும் விரலில் என் மோதிரம்! பின்னால் எங்கள் கடை மேசை. தீபாவளிக்குக் கடையின் ஃபேஸ்புக்கில் போட மு. மகன் எடுத்த படம். எவனோ திருடித் தன் பக்கத்தில் போட்டிருக்கிறான். அந்தச் சேலை அப்போதே விற்றுப்போனது.

"அதனாலதான் புள்ள நம்புனேன்," என்றாள். "ஒன் கைய எனக்குத் தெரியாதா? நம்ம வசந்தா வேல செய்ற கட சேலதான், இப்ப போன்லயும் விக்கிறாங்கன்னு நெனச்சேன்."

போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"கூறை இல்லாம பொண்ணு வீட்டு வாசல்ல எப்புடி போய் நிப்பேன்?"

என் கையைக் காட்டி என் மல்லிகாவையே ஏமாற்றியிருக்கிறான். பாவி.

ஜனவரி 9, வெள்ளி

மல்லிகா வீட்டில் சிக்னல் கிடையாது. தண்ணித் தாங்கி வளைவுக்கு ஏற வேண்டும். நான் வேலை விட்டு வரும்போது அங்கே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். காசைத் திருப்பித் தருகிறார்களாம். போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கிறதாம், அதைச் சொன்னால் போதுமாம். "நாலு... ஏழு..." என்று தொடங்கியேவிட்டாள்.

பிடுங்கிக் கட் பண்ணினேன்.

"காசு தரப்போறவனுக்கு ஒனக்கு வந்த நம்பர் எதுக்குடி?"

மிச்சமிருப்பதும் போயிருக்கும். சம்பளமும் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. அட்டையின் பின்பக்கம் இருந்த வங்கி நம்பருக்கு அங்கிருந்தே பேசி அட்டையை நிறுத்தினோம். பிறகு பாதையோரம் உட்கார்ந்து அழுதாள். நானும்.

மு. மகன் போனில் சொன்னவை, மறக்காமல் இருக்க: அந்தப் பக்கம் எப்போது தொடங்கியது, பார். கடைக்கு விலாசம் உண்டா. புகழ்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால் சந்தேகப்படு. சாமான் கைக்கு வராமல் காசு கொடுக்காதே. போனுக்கு வரும் நம்பரை எவன் கேட்டாலும் சொல்லாதே, வங்கி என்று சொன்னாலும். மெசேஜ், ரசீது எதையும் அழிக்காதே.

ஜனவரி 10, சனி

ஹாலிஎல பொலிஸில் முறைப்பாடு. எழுதிக்கொண்டார்கள். காசு கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் கேட்டேவிட்டேன். ஏன் முதலிலேயே என்னிடம் வரவில்லை?

"தீபாவளிக்கு ஒன் கடைக்கு வந்தப்ப பாத்தேன். ஸ்டூல்ல ஏறி எறங்கி, மொழங்காலப் புடிச்சுக்கிட்டு நின்ன. மத்தவங்களுக்கே அப்புடின்னா, நான் வந்தா கடையவே பிரிச்சுப் போடுவ. அதான் வரல."

இத்தனை நாள் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும்.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில். சந்தை நாள், டவுன் நிறையச் சனம். மல்லிகாவும் குமாரும் வந்தார்கள். போன காசு போனதுதான். சீட்டுக் காசை முன்னாடியே எடுத்திருக்கிறாள், சின்னச் சரிகை போதுமாம்.

"ஒண்ணே ஒண்ணு காட்டு. அதையே எடுத்துக்கிறேன்."

கேட்பேனா? ஸ்டூலை இழுத்தேன். அவள் அதை என் கையிலிருந்து பிடுங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, தானே ஏறிவிட்டாள்.

மு. கல்லாவிலிருந்து பதறி, "யாரும்மா அது மேல?"

"மாப்பிள்ளையோட அம்மா," என்றேன்.

மேலேயிருந்து மல்லிகா: "நீ உக்காரு புள்ள. எது வேணும்னு சொல்லு, நான் எடுத்துத் தாரேன்."