நாய் குறுக்கே வரவில்லை, அப்பா

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து உலகம் காட்டிய அப்பாவுக்கு,

நேற்று உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். அம்மா உள்ளறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். என் குழந்தை அவள் பக்கத்தில் தூங்குகிறது. நான் உங்கள் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதைப் பற்றிப் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பது வருஷமாகச் சொல்லாமல் இருந்தது. நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பார்க்கிறேன். யோசனை பாதியிலேயே நின்றுவிடுகிறது.

நீங்கள் வண்டி ஓட்டுகிற லட்சணம் பவானிப்பூர் முழுக்கப் பிரசித்தம். இரண்டு சக்கரம், ஒரு குதிரை. அதை வைத்துக்கொண்டு காளிகாட்டுக்குப் போகிற மின்சார டிராமோடு பந்தயம் விடுவீர்கள். டிராமில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்துத் திட்டுவார்கள், நீங்கள் அவர்களுக்குக் கும்பிடு போடுவீர்கள். நெல்லைச் சீமையிலிருந்து வந்து உங்கள் காதில் விழுந்த முதல் வங்காளச் சொல்லே 'ஆஸ்தே'தான். மெல்லப் போ என்று அர்த்தம். அர்த்தம் தெரிந்தும் உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அம்மா ஒரே ஒரு தடவை ஏறினாள். இறங்கியதும் வாந்தி எடுத்தாள். அதன்பிறகு கோயிலுக்குக்கூடப் பல்லக்கில்தான் போனாள். "பிள்ளைய எதுக்கு இழுத்துட்டுப் போறீய?" என்று கேட்டுக்கொண்டே துண்டால் என் இடுப்பை இருக்கைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுவாள். நான் சிரித்தபடி போவேன். சந்து திரும்பியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். நீங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் என் கண் உங்களுக்குத் தெரியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது என்றே நினைத்தீர்கள்.

வீட்டில் நீங்கள் அப்படி இல்லை. ஒரு கவளத்தை நாலு நிமிஷம் மெல்லுவீர்கள். ஒரு கடிதத்தை மூன்று தரம் திருத்துவீர்கள். ஏன் வண்டியில் மட்டும் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "ஆபீஸ்ல தொர தலை நிமிர்ற வரைக்கும் மேசைக்கிட்ட நிக்கேன், தாயி. நாள் பூரா நிக்கேன். இதுல ஏறுனாத்தான் நான் நெனச்ச நேரத்துக்கு நான் போறேன்" என்றீர்கள். எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது, ஆனால் புரிந்து என்ன செய்ய?

நான் சொல்ல வந்தது, நமக்கு இந்த ஊர் பழகாத முதல் வருஷத்தில் நடந்தது. உங்களுக்குத் தமிழும் இங்கிலீஷும்தான். நான் சந்துப் பிள்ளைகளோடு விளையாடி வங்காளம் பேசப் பழகியிருந்தேன். மீன்காரியிலிருந்து வண்ணான் வரை எல்லோரிடமும் உங்களுக்காகப் பேசியது நான்தான். ஒன்பது வயசில் அது எனக்குப் பெரிய கௌரவம்.

ஒருநாள் சாயங்காலம் சந்து முனையில் பொரி விற்கிற நிமாய் கூடையோடு உட்கார்ந்திருந்தார். நீங்கள் வளைந்த வேகத்தில் சக்கரம் அவர் காலில் ஏறியது. பொரி தெரு முழுக்க வெள்ளையாகச் சிதறியது. நீங்கள் குதித்து இறங்கி அவரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கவிராஜ் வீட்டுக்கு ஓடினீர்கள். பக்கத்தில் இருந்த நான் துண்டை அவிழ்த்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கவிராஜ் அந்தச் சந்தின் நாட்டு வைத்தியர், பெரிய மனிதர், அவர் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. காலுக்கு மூங்கில் வைத்துக் கட்டிவிட்டு அவர் என்னைப் பார்த்து, எப்படி நடந்தது என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.

கேட்டேன். நீங்கள் சொன்னது ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. "நாந்தான் வேகமா வந்தேன். தப்பு எம் பேர்லதான். அவங்க என்ன சொன்னாலும் கட்டுப்படுதேன். ஒரு சொல்லு விடாமச் சொல்லு, தாயி."

அதற்கு முந்தின மாசம்தான் யாரையோ இடித்துவிட்ட ஒரு வண்டிக்காரனைக் கூட்டம் அடித்துப் போலீசில் கொடுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். அவன் வாயிலிருந்து ரத்தம் வந்தது. அதுதான் கண்முன் நின்றது. நான் வங்காளத்தில் சொன்னேன்: ஒரு நாய் குறுக்கே ஓடியது, குதிரை மிரண்டது, அப்பா எவ்வளவோ இழுத்துப் பிடித்தார்.

"உன் அப்பா இப்படித்தான் சொன்னாரா?" என்று கேட்டார் கவிராஜ்.

"ஆமாம்" என்றேன்.

அவர் உங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் உங்கள் பக்கம் திரும்பி, "பரவாயில்லையாம் அப்பா, போகலாமாம்" என்றேன். நீங்கள் கை கூப்பினீர்கள். உங்கள் கண் நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொன்னீர்கள். "தப்ப ஒத்துக்கிட்டேன், மன்னிச்சு விட்டுட்டாங்க. வங்காளத்தான் மனசு பெரிய மனசு, பாத்துக்கிடுங்க" என்பீர்கள். மோர் கொண்டுவந்த நான் செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். நேற்றுகூட உங்கள் ஆபீஸ்காரர் ஒருவர், தன் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தான் வளர்ப்பதாக அம்மாவிடம் சொன்னார்.

நான் உள்ளபடி சொல்லியிருந்தால், இனிமேல் சந்துக்குள் குதிரையை நடத்தித்தான் கொண்டுவர வேண்டும் என்று கவிராஜ் சொல்லியிருப்பாரா? சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்கள். அம்மா ஒரு தடவை சத்தியம் வாங்கியதற்காக மூக்குப்பொடியை அன்றைக்கே விட்டவர் நீங்கள். உங்களை நிறுத்தக்கூடிய ஒரே ஆள் உங்களை நிறுத்துவதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்கத்தான் ஆற்றுக்கு அக்கரையில் நான் வாழ்க்கைப்பட்ட ஹவுராவுக்குக் கிளம்பினீர்கள். கப்பலுக்காக மிதவைப் பாலத்தைத் திறந்துவிட்டால் வெகுநேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் கடந்துவிடப் பார்த்திருக்கிறீர்கள். வளைவில் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. சேதி வந்தபோது அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. நான் முதலில் பருப்பை இறக்கி வைத்தேன். பிறகு என்ன செய்தேன் என்று உங்கள் மருமகன் சொல்லித்தான் தெரியும்.

நேற்று நிமாய் வந்தார். விந்தி விந்தி நடந்து வந்து வாசலோடு நின்றார். இத்தனை வருஷமும் நாம் வண்டியில் போகும்போதெல்லாம் கும்பிட்டாரே, நீங்களும் சிரித்துக்கொண்டே கும்பிடுவீர்களே, அதே நிமாய். சின்னப் பெண்ணை இங்கே கூப்பிடுவது போல என்னை இன்னமும் 'குக்கி' என்றுதான் கூப்பிடுகிறார்.

"உனக்காக வந்தேன், குக்கி" என்றார்.

நாய் கதை பொய் என்பதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"நாய் ஏதும் வரலை. நான் ரோட்டைப் பார்த்துத்தானே உட்கார்ந்திருந்தேன்."

"அப்போ ஏன் சும்மா இருந்தீங்க?"

"பெத்த பிள்ளையைப் பொய் சொல்லவைக்கிற மனுஷன்கிட்ட என்ன பேசறது? நடுங்கிக்கிட்டு நின்னியே, உன் முகத்துக்காக விட்டோம். கவிராஜ் ஐயாதான் விடச் சொன்னார். சந்து முழுக்க அப்படித்தான். நாங்க கும்பிட்டதெல்லாம் உன்னைத்தான். செத்தவரைப் பத்திப் பேசக்கூடாது, வரேன்."

கட்டையை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே எலுமிச்சம்பழம் எங்கே என்று யாரோ கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன்.

மெய்யைச் சொன்னவன் என்று ஒன்பது வருஷம் தலை நிமிர்ந்து நடந்தீர்கள். நடந்த தெரு முழுக்க உங்களைப் பொய்யன் என்றே நினைத்திருக்கிறது. உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நான் செய்த வேலை இது. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. யாரிடம் கேட்பது?

நாளைக் காலையில் ஹவுராவுக்குக் கிளம்புவதாக இருந்தது. கிளம்பப் போவதில்லை. முதலில் கவிராஜ் வீட்டுக்குப் போவேன், பிறகு நிமாயிடம், பிறகு வீடு வீடாக. நீங்கள் சொன்னதை, நீங்கள் சொன்னபடியே, வங்காளத்தில் சொல்வேன். அவர்கள் நம்புவார்களா என்று தெரியவில்லை. அப்பாவுக்காக ஒரு தடவை பொய் சொன்னவள்தானே, இதுவும் அப்படித்தான் என்று நினைக்கலாம். நினைத்தால் மறுநாளும் போவேன். இந்தச் சந்தில் ஒருவராவது உங்களை நம்புகிறவரை நான் ஆற்றைக் கடக்க மாட்டேன், அப்பா.

நீங்கள் நம்பிப் பேசச் சொன்ன உங்கள் மகள்,
செண்பகம்