தண்ணிக்குக் கழித்த கிலோ

செவ்வாய் இரவு, பலாங்கொடை.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அண்ணி இன்று போனை நீட்டினார். தோட்டத்தில் புதிதாகக் கொடுத்திருக்கும் நிறுவை ஆப்.

"தம்பி, இது நீங்க எழுதுனதுதானே? தண்ணிக்கு எத்தன கிலோ கழிச்சாங்கன்னு இதுல காணோமே. பாத்துச் சொல்லுங்க."

நான் எழுதிய கணினி நிரலில் அது இருந்தது. மொத்த நிறை, ஈரக் கொழுந்துக்குக் கழித்தது, மிச்சம் என்று தனித்தனியாகக் காட்டும். அந்த நிரலை இணையத்தில் பொதுவில் போட்டபோது, என்னைப் போலவே நிரல் எழுதும் நண்பன் ரிஸ்வான் சண்டையே பிடித்தான்.

"எடுத்து மாத்துறவன், மாத்துன நிரலையும் எல்லாருக்கும் தொறந்து காட்டணும்னு லைசன்ஸ்ல போடு மச்சான்."

அப்படிப் போட்டால் எந்தக் கம்பெனியும் தொடாது என்றேன். கம்பெனி தொட வேண்டும், என்னைக் கூப்பிட்டு வேலை தர வேண்டும் என்ற ஆசை எனக்கு. என்னவும் செய்துகொள்ளுங்கள், என் பெயரை மட்டும் எடுக்காதீர்கள் என்ற லைசன்ஸைப் போட்டேன்.

ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. கழிவைக் காட்டும் வரியை நீக்கிவிட்டு நிரலைப் பூட்டிவிட்டது. உள்ளே என்ன கழிக்கிறார்கள் என்று இப்போது எனக்கே தெரியாது. களவு என்றும் சொல்ல முடியாது. அனுமதி நான் கொடுத்தது. பெயரை மட்டும் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள்.

"நெட் ஸ்லோவா இருக்கு அண்ணி, அப்புறம் பாக்குறேன்" என்று பொய் சொன்னேன்.

அண்ணி சிரித்தார். "பரவால்ல தம்பி. இன்னைக்கும் பொம்பளைங்க தராசுகிட்ட சத்தம் போடத்தான் பாத்தாங்க. நான்தான் இதுல உங்க பேரக் காட்டி எல்லாரையும் அடக்கிட்டு வந்தேன்."