மெமோவில் நீ சேர்த்த ‘அலெஜ்டு’

இன்று காலை இங்கிலீஷ் பேப்பரில் யாரோ திருடியதாகச் செய்தி. ‘திருடன்’ என்று போடவில்லை. முன்னால் ‘அலெஜ்டு’ சேர்த்திருந்தார்கள். காபி ஆறிப்போகிற வரைக்கும் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போய் நாலு மாதமாகிறது. இன்னும் அழுகை வருகிறதடி.

எழுபதுகளின் கடைசி. டெல்லி ஆர்.கே.புரம் ஆபீஸில் நீ ஸ்டெனோ, நான் வேலை இன்னும் நிரந்தரமாகாத கிளார்க். அப்பா போனபின் அம்மாவும் இரண்டு தம்பிகளும் மூத்த பெண்ணான என் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்தா ஒரு ஃபைல் காணாமல் போக வேண்டும்? வாங்கியதற்கு ரிஜிஸ்டரில் என் கையெழுத்து இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நான் கதறியதை யார் கேட்டார்கள்? நம் தமிழ்க்காரர்கள் நாலு பேர் “உன்னைத் தெரியாதா எங்களுக்கு?” என்றார்கள். அதிகாரியின் அறைப் பக்கம் மட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

எனக்கு எதிரான மெமோவை அந்த அதிகாரி உன்னிடம்தான் டிக்டேட் செய்தார். ‘இவர் தொலைத்தார்’ என்று அவர் சொன்னதை நீ, ‘தொலைத்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று அர்த்தம் வரும்படி, ‘அலெஜ்டு’ போட்டு டைப் செய்தாய். சிவப்பு மையால் அந்தச் சொல்லை வெட்டினார். மறுபடியும் அதே சொல்லோடு கொண்டுபோய் நீட்டினாய்.

“யே க்யா ஜித் ஹை?” இதென்ன பிடிவாதம் என்று அவர் எரிந்து விழுந்தது வெளியே எனக்குக் கேட்டது.

“ஆப்னே தேகா, சாப்? மைனே பீ நஹீன் தேகா.” நீங்கள் பார்த்தீர்களா, சார்? நானும் பார்க்கவில்லை. உன் திருநெல்வேலி இந்தியில் அவ்வளவுதான் சொன்னாய். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் மேலிடம், முதலில் விசாரியுங்கள் என்று எழுதியது. பத்தே நாளில் ஃபைல் கிடைத்தது. ரெக்கார்டு ரூமில் வேறொரு ஃபைலோடு சேர்த்து ஒரே நாடாவில் கட்டி வைத்திருந்தார்கள், பாவிகள்!

அன்று மலை மந்திர் முருகன் கோயில் படியில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டேன். “நீ ஒருத்திதான் என்னை நம்பினே” என்றேன்.

“ஏட்டி, நம்புனேன்னு யாரு சொன்னா?” என்று சிரித்தாய். “ஒன் மேசை கெடக்க கெடப்பப் பாத்தா எனக்கும் சந்தேகந்தான். அதுக்காவ தெரியாதத தெரிஞ்ச மாதிரி அடிக்க முடியுமா?”

எனக்கு வந்ததே கோபம்! ஒரு வாரம் பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்காரவில்லை.

இப்போது யாரைப் பற்றியாவது ஊர் பேசினால், எனக்கே சந்தேகம் இருந்தாலும், “தெரியாது” என்று சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்களுக்கு அதில் என்மேல் வருத்தம்தான். என்னை நம்பியவர்கள் அன்று வாயைத் திறக்கவில்லை. நீ என்னை நம்பக்கூட இல்லையேடி, மகராசி! அப்படியும் எங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டாய்.