வளைத்த பலகையும் உன் காலும்

தம்பி,

இன்று காலை வெஸ்ட்மீட்டில், வீதியோரம் எறிந்திருந்த பழைய சாமான்களுக்குள் ஒரு பிளைவூட் கதிரை கிடந்தது. மழையில் ஊறி, ஓரம் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. நீயென்றால் கவிழ்த்துப் பார்த்து, "அண்ணை, இது அந்தக் காலத்து அமெரிக்கச் சாமான்" என்று தூக்கி வந்திருப்பாய். கொண்டுவந்தாலும் ஒட்டித் தர ஆளில்லை. விட்டுவிட்டு வந்தேன்.

பழைய அமெரிக்கத் தளபாடங்களைத் திருத்தும் கடையில் உனக்கு வேலை. கூடப் பிறக்காவிட்டாலும் இருவருக்கும் தற்காலிக விசா, இருவருக்கும் ஒரே அறை. மெல்லிய மரத்தாள்களை ஒட்டி, சூட்டில் அழுத்தி வளைத்து, உட்காருவோரின் உடம்புக்கேற்ற கதிரையாக்கிய ஒரு கணவன் மனைவியைப் பற்றிச் சொந்தக்காரரைப் போலக் கதைப்பாய்.

ஒரு ஞாயிறு அவர்களின் கண்காட்சிக்கு என்னையும் கூட்டிப்போனாய். கதிரைகளைத் தாண்டி ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாய். உள்ளே, கால் வடிவில் வளைத்த பலகை. கதிரைகள் செய்யமுன்னர், போரில் கால் முறிந்தவர்களுக்குக் கட்டுவதற்காக அவர்கள் செய்தது என்று எழுதியிருந்தது. அது உனக்கும் புதுச் செய்தி.

"சண்டைக்க எனக்குக் கால் முறிஞ்ச நேரம், பங்கருக்குள்ள அம்மா பனைமட்டையை வைச்சு, சீலையைக் கிழிச்சுக் கட்டினவ," என்றாய். "கட்டு அவிழ்க்க முன்னமே எங்களைப் பிரிச்சுப்போட்டாங்கள். எலும்பு கோணலாப் பொருந்தினது அவவுக்குத் தெரியாது. சொல்லிப்போடாதேங்கோ."

அம்மாவோடு வீடியோவில் கதைக்கும்போது நீ ஏன் ஒருநாளும் இருந்த இடம்விட்டு எழும்புவதில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு உனக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாய். நிரந்தர விசாவைப் பார்த்திருந்தபடியே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாய். அம்மாவுக்கு உன் முகத்தைப் போனில் காட்டியது நான்தான். அழுது ஓய்ந்தபின் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"மோனை, அவன்ர கால் எப்படி? நான் கட்டினது சரியாப் பொருந்தினதோ?"

"ஓம் அம்மா. நேராத்தான் நடந்தவன்," என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. அதற்குப் பிறகு அவர் கால் பற்றிக் கேட்கவேயில்லை.

உன்னோடு நடந்து நடந்து என் நடையும் உன் நடையின் அளவுக்கு வந்துவிட்டது. வேலை முடிந்து ஸ்டேஷனிலிருந்து வரும்போது எல்லோரும் என்னைக் கடந்து போகிறார்கள். விரைந்து போனாலும் அறையில் யார் இருக்கிறார்கள்? மெதுவாகவே வருகிறேன், நடைபாதையில் ஒரு பக்கமாக, உனக்கு இடம் விட்டு.