வேண்டாம் என்றவளும் சரி என்றவளும்

ஆகஸ்ட் 4, திங்கள்

புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்த மழை வராமலே போய்விட்டது. பி.ஏ. பரீட்சைக்குப் பதினாறு நாள். அஞ்சல்வழிப் படிப்பு, கடைசி வருஷம். இங்கிலீஷ் நாவலை இன்றுதான் முடித்தேன். ஐந்து அக்கா தங்கைகள். சொத்து இல்லை. அவர்கள் அம்மாவுக்குக் கல்யாணப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. இரண்டாவது பெண் கெட்டிக்காரி, வாயாடி. கேட்டு வந்தவனை வேண்டாம் என்கிறாள். ஓரிரு நாளில் அவள் தோழி அவனுக்குச் சரி சொல்லிவிடுகிறாள்.

கைடில் வேண்டாம் என்றவளைப் பற்றி நான்கு கட்டுரைக் கேள்வி. சரி என்றவளுக்கு ஒரே ஒரு சிறுகுறிப்பு, இரண்டு மதிப்பெண்.

மூடி வைத்துவிட்டேன். ஆறு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் பெண் பார்க்க வந்தது என் அக்கா அமுதாவை. அவள் வேண்டாம் என்றாள். அடுத்த வாரம் என்னைக் கேட்டார்கள். சரி என்றேன்.

நாளை அக்கா வருகிறாள். சென்னையில் நர்ஸ். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிறு வரை லீவாம்.

வாங்க: துவரம்பருப்பு, ஃபினாயில், காபித்தூள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பதினொரு மணி பஸ். அவர் உரக்கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கே போய் வண்டியில் அழைத்துவந்தார். போன மாதம் எங்கள் அம்மா வந்தது ஷேர் ஆட்டோவில். இஸ்திரி போட்ட நீலச் சட்டை வேறு. செவ்வாய்க்கிழமை, உரக்கடைக்கு.

சாப்பிடும்போது வழக்கம்போல் நெல் ரகங்கள், குருத்துப்பூச்சி. அக்கா நடுநடுவே கேள்வி கேட்டாள். அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். நான் அவரிடம் கடைசியாக எப்போது கேள்வி கேட்டேன்? நினைவில்லை.

குழம்பில் உப்பு கூடிவிட்டது. இருவருமே கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

நல்ல மழை. துணி காயவில்லை. பக்கத்து வீட்டு விஜயா மதில் மேல் எட்டிப்பார்த்து, "இவங்கதான் அக்காவா? பாத்தா உன் தங்கச்சி மாதிரி கீறாங்க" என்றாள். தலை வாரிக்கொள்ளாமல் நின்றேன்.

அக்கா நாவலைக் கதையாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். தோழியை மட்டும் விட்டுவிட்டேன். அந்த இரண்டாவது பெண் யார் மாதிரி என்று கேட்டாள். உன்னை மாதிரி என்றேன். சிரிக்கவில்லை.

சாயங்காலம் அவரிடம் கேட்டே விட்டேன், அக்கா மேல் இன்னும் எண்ணம் இருக்கிறதா என்று.

"அவங்க வாணாம்னாங்க. நீ சரின்ன. இதுல யோசிக்க இன்னா கீது?"

மோட்டார் போடப் போய்விட்டார். இது பதிலா?

ஆகஸ்ட் 7, வியாழன்

துணி துவைக்கும்போது அக்காவிடமும் கேட்டேன். ஏன் வேண்டாம் என்றாய்? நைட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். அன்றைக்குக் கொடுத்த காபியைக் கூடக் குடிக்காமல் யூரியாவைப் பற்றியே பேசினாராம். சிரிப்பு வந்ததாம். இதைவிட நல்ல இடம் வரும் என்று நினைத்தாளாம். பிறகு பிழிவதை நிறுத்தினாள்.

"இப்ப பாத்தா தப்பு பண்ணிட்டேன்னு தோணுது கலை. இத்த உன்னாண்ட சொல்லக்கூடாதுதான். வேற யாராண்ட சொல்றது?"

கண் கலங்கியிருந்தது. தோளைத் தொட்டிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. துணியெல்லாம் கொடியில் போட்டு முடிக்கும்வரை இருந்தது அந்தச் சந்தோஷம். அப்புறம் பயம். இன்னும் மூன்று நாள். அவர் பேசுவார், இவள் கேட்பாள்.

வீட்டில் ஆள் இருந்தால் படிப்பு ஓடாது என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல். அக்காவுக்கு விளங்காததா?

"சரி, காலைல கெளம்பறேன்."

போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பளிச்சென்று வெயில். 6.40 பஸ். அவரை எழுப்பாமல் நானே போய் ஏற்றிவிட்டேன். அக்கா ஜன்னல் வழியாகக் கை நீட்டி என் கன்னத்தைத் தொட்டு, "நல்லா பாத்துக்கோ" என்றாள். யாரை என்று சொல்லவில்லை. பஸ் மறையும்வரை அதையே யோசித்துக்கொண்டு நின்றேன்.

நாஷ்டாவுக்கு உட்கார்ந்தவர் அக்கா எங்கே என்றார். ஆஸ்பத்திரியில் அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கொண்டுபோய் வுட்டிருப்பேனே" என்றார்.

அதனால்தான் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. தட்டில் இன்னொரு தோசை போட்டேன்.