முதல் பரிசுக் கோழி

பிப்ரவரி 9
கோழிக் கண்காட்சிக்கு இன்னும் பதினெட்டு நாள். எங்கள் பள்ளி இளம் உழவர் மன்றத்துக்கு ஆண்டுக்கு நான்கு கடமைகள்: ஜூனில் மரக்கன்று நடுவோம். செப்டம்பரில் அது ஏன் பட்டுப்போனது என்று கருத்தரங்கு. டிசம்பரில் பேச்சுப்போட்டி. பிப்ரவரியில் கோழி. பொறுப்பாசிரியர் நான். உயிரியல் படித்த பாவம்.

பிப்ரவரி 19
மன்றத்துப் பையன் ஒருவனின் கோழி செத்துவிட்டது. கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையாகக் கழிந்து. இன்று இன்னொரு வீட்டில் மூன்று. மாட்டு டாக்டருக்குப் போன் செய்தேன்.
"கழிச்சல் நோய் சார். தடுப்பூசி வர அடுத்த மாசம் ஆயிடும். அதுவரைக்கும் ஒரு வீட்டுக் கோழி இன்னொரு வீட்டுக் கோழி முகத்துல முழிக்கவே கூடாது."

பிப்ரவரி 20
தலைமையாசிரியரிடம் சொன்னேன். சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்தாயிற்றாம். பந்தலுக்கும் சொல்லியாயிற்றாம்.
"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா சார்?"
மிதித்து இல்லை சார், தும்மி, என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

பிப்ரவரி 24
பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஓயாமல் கேள்வி கேட்பதால் வகுப்பில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர், ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். வீட்டில் நாற்பது கோழி. அப்பா இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து முட்டைதான் அடுப்பை எரிக்கிறது.
"சார், நோய் வந்திருக்காமே?"
"வதந்திம்மா."
"நான் மட்டும் கொண்டு வரலைன்னா?"
"சான்றிதழ் கிடையாது."
"வேணாம் சார்."
"செய்முறை மார்க்கும் போயிடும்."
வக்கீலம்மா வாயடைத்து நான் பார்த்தது இன்றுதான். பெருமைப்படலாமா?

பிப்ரவரி 27
முப்பத்தோரு கோழிகள், ஒரே கூடம், ஒரே தண்ணீர்த் தொட்டி. விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, நேரம் தவறாமையைப் பற்றி முக்கால் மணி பேசினார். வக்கீலம்மாவின் சிவப்புக் கோழிக்கு முதல் பரிசு. விருந்தினர் அதைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினார். நோய்த்தடுப்பு என்று இன்று நடந்தது அது ஒன்றுதான்.

மார்ச் 4
முதல் பரிசு செத்துவிட்டது.

மார்ச் 12
அவள் வீட்டுக்குப் போனேன். கூண்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. கொல்லையில் புது மண், மேலே சுண்ணாம்பு. நாற்பதில் ஒன்றுகூட மிச்சமில்லை. கட்டிலிலிருந்து அப்பா தலையைத் தூக்கினார்.
"வாங்க சார், உக்காருங்க. புள்ளைக்கு முதல் பரிசு குடுத்தீங்களாம். ரொம்ப சந்தோஷம் சார்."
குத்தல் இல்லை, மெய்யாகவே சொன்னார். ஐயா, திட்டேன்யா! ரெண்டு வார்த்தை திட்டினா என்ன கொறஞ்சு போயிடும்? — இதை அங்கே சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன். அவள் வெளியே வரவே இல்லை.

மார்ச் 20
மன்றப் பிள்ளைகளின் கோழிப் பதிவேடுகளைத் திருத்தி மார்க் போடும் நாள். வக்கீலம்மாவுடையதை அவள் தோழி கொண்டுவந்தாள்.
"அவ மில்லுல சேர்ந்துட்டா சார். இனிமே வர மாட்டா. இதை மட்டும் உங்ககிட்ட குடுக்கச் சொன்னா."
வாரா வாரம் எடை, தீவனம், முட்டை. அடித்தல் திருத்தல் இல்லை. கடைசிப் பக்கத்தில் 'இழப்புக்கான காரணம்' என்று ஒரு கட்டம். மற்றப் பிள்ளைகள் 'நோய்' என்று எழுதியிருந்தார்கள். அவள் மணிமணியான எழுத்தில் எழுதியிருந்தாள்: 'செய்முறை மார்க்.'
கீழே 'சரிபார்த்தேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஐம்பதுக்கு ஐம்பது.