கிடங்கு முனையில் கேட்ட குரல்

இன்று காலை பட்டறையின் மூலையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, நீ வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் அந்த மரக்கட்டை காலில் இடித்தது. தூக்கிப் பார்த்தேன். ரப்பர் ஷீட்டின் புகை வாடையும் கறுப்பு எண்ணெய் வாடையும் அதில் அப்படியே இருக்கின்றன. நீ போய் ஒரு தீபாவளியும் கடந்துவிட்டது. உன் சட்டை நாற்றம் இன்னும் என் பட்டறையை விட்டுப் போகவில்லை என்று சொன்னால் நீ சண்டைக்கு வருவாய். வா. வந்தால் நல்லதுதான்.

உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ உயிரோடு இருந்த காலத்தில் எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. காஜா பெராங்கில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். ஒரு சத்தம் போட்டால் வந்துவிடுவாய். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிறவன் என்பதும் உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன்தான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் கொண்டாடிய தோரணங்களைக்கூட இன்னும் அவிழ்க்காத நேரத்தில்தான் நம் ரப்பர் கிடங்குக்கு அந்த ஃபோர்க்லிஃப்ட் வந்தது. பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்டதை முதலாளி தவுக்கே எங்கேயோ விலை பேசி வாங்கி வந்திருந்தார். முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு இரும்புக் கரங்களைப் பார்த்துவிட்டு, ஷீட் தரம் பிரிக்கிற பெண்கள் அதற்கு 'கஜா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காஜா என்று ஊர்ப் பெயரிலேயே மலாய் யானை இருக்கிறதே, பிறகென்ன. லாரி ஓட்டிக்கொண்டிருந்த உன்னை அதில் உட்கார வைத்தார்கள். அதன் நோய்நொடி பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

அந்த வண்டியைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் நீ முதலில் கேலிதான் செய்தாய். பிரேக்கைப் பார், சங்கிலியைப் பார், எண்ணெய் சொட்டுகிறதா என்று கீழே குனிந்து பார், அப்புறம்தான் சாவியைத் திருகு என்பேன். "ஏன் மணியம், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறப்பகூட நான் இவ்வளவு பாக்கலடா" என்பாய். ஆனால் பார்ப்பாய். ஒரு நாளும் பார்க்காமல் ஏறியதில்லை.

நமக்குத் தலைவலி கொடுத்த இடம் அந்த முனைதான். முற்றத்திலிருந்து சரிவில் ஏறி, கிடங்குக்குள் நுழைந்து, இடது பக்கம் திரும்ப வேண்டும். சரிவில் ஏறும்போது பாரம் மேட்டுப் பக்கம்தான் இருக்க வேண்டும். பின்பக்கமாக ஏறினால் கட்டு சரிந்து கீழே போய்விடும். ஆகவே கண்ணுக்கு முன்னால் ரப்பர் கட்டுகளை வைத்துக்கொண்டே நீ ஏறுவாய். முனைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. அங்கே நின்று ஹார்ன் அடிக்க வேண்டும், அந்தப் பக்கம் ஆள் இருந்தால் "ஆள் இருக்கு" என்று கத்த வேண்டும், சத்தம் இல்லையென்றால்தான் வண்டி நகர வேண்டும் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லி வைத்தேன்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. நீ ஹார்ன் அடித்தால் கிடங்கின் கடைசியிலிருந்து இன்னொரு ஹார்ன் பதில் சொல்லும். கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் அடங்கிய குரலில், யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுகிற மாதிரி. அந்த வட்டாரத்திலேயே நம்மிடம் மட்டும்தான் அப்படி ஒரு வண்டி. முதல் நாள் நீ இறங்கிப் போய்க் கட்டுகளுக்குப் பின்னால் தேடிவிட்டு வந்தாய். பின்பக்கத் தகரக் கதவில் மோதித் திரும்பும் எதிரொலி அது என்று நான் கதவில் சாக்கைத் தொங்கவிட்டுக் காட்டினேன். சத்தம் நின்றது. சாக்கை எடுத்ததும் திரும்ப வந்தது. உனக்குப் புரிந்தது. பெண்களுக்குப் புரிந்தும் பிடிக்கவில்லை.

அவர்கள் கதை வேறு. ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கிடங்கில் ஒருவனை அடைத்து வைத்திருந்தார்களாம். எந்த ஊர், என்ன பெயர், எதுவும் யாருக்கும் தெரியாது. தண்ணீர் கேட்டுத் தகரக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தானாம், பிறகு தட்டவில்லையாம். உன் ஹார்னுக்குப் பதில் சொல்கிறவன் அவன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரி பார்வதியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. வீட்டில் அதைப் பற்றிப் பேசினாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதன் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

என்னிடம் பேசாததைப் பாக்கியத்திடம் பேசியிருக்கிறாள். நம்மோடு வேலை செய்த செட்டிக் கம்பத்துப் பாக்கியத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய செட்டிக் குடும்பம்; நெற்றியில் திருநீறு, பேச்செல்லாம் மலாய், தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது. செத்துப்போன பெரியவர்களுக்கு அவர்கள் வீட்டில் இலை போட்டுப் படைப்பார்கள். படைத்ததும் எல்லோரும் விலகிப் போய்ச் சத்தமில்லாமல் காத்திருப்பார்கள். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். நாதியில்லாமல் போனவனுக்கு யார் படைப்பார்கள், நாம் படைப்போம் என்று பாக்கியம் சொல்ல, பெண்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். நீ ஹார்ன் அடிக்கிற இடத்தைத் தேடித்தான் அவன் வருவான் என்று, ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி, அந்த முனையிலேயே இலையைப் போட்டார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரம். நீயும் சாப்பிடப் போயிருப்பாய் என்று நினைத்துவிட்டார்கள். மழை கருக்கிக்கொண்டு வந்ததால், முற்றத்தில் நின்ற லாரியின் பாரத்தை இறக்கிவிட்டே சாப்பிடுகிறேன் என்று நீ இருந்துவிட்டாய். நான் எதிர்ச்சாரியில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தேன். பெண்கள் இலையைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு விலகிவிட்டார்கள். பார்வதி மட்டும் சாம்பிராணி அணைந்துவிட்டதென்று திரும்பி வந்து, முனையில் குந்தி ஊதிக்கொண்டிருந்தாள். நீ சரிவில் ஏறி ஹார்ன் அடித்தாய். அவளுக்குக் கேட்டது. "ஆள் இருக்கு" என்று அவள் கத்தவில்லை. "ஜாங்கான் பிசிங்" என்று பாக்கியம் விரலை உதட்டில் வைத்துச் சொல்லியிருந்தாளே, சாப்பிடுகிறவனுக்கு எதிரில் சத்தம் போடக்கூடாதே. பின்கட்டில் நின்ற பெண்களும் மூச்சுவிடவில்லை. நான் உயிரைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுத்த ஒரே வார்த்தையை, மரியாதைக்காக அத்தனை பேரும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

பிரேக் கிறீச்சிட்டதும் கட்டு விழுந்ததும் சாலையைத் தாண்டி எனக்குக் கேட்டது. நான் ஓடி வந்து பார்த்தபோது இலை நசுங்கிக் கிடந்தது. சோறு, மீன், ஒரு டம்ளர் கோப்பி எல்லாம் ரப்பர் கட்டுக்கு அடியில். ஒரு முழம் தள்ளிப் பார்வதி, கையில் சாம்பிராணித் தட்டோடு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

அன்று நீ என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. சாலைப் பக்கமிருந்து வந்த என்னைப் பார்த்தாய். திரும்பி முனைக்கு அந்தப் பக்கம் பார்த்தாய். மறுபடியும் என்னைப் பார்த்தாய். கிட்டே வந்து என் தோளை, கையை, சந்தையில் மீனை அமுக்கிப் பார்க்கிற மாதிரி அமுக்கிப் பார்த்தாய். பயத்தில் செய்கிறாய் என்று நினைத்தேன். "என்னடா ஆச்சு?" என்று கேட்டதற்கு, "ஹார்ன் அடிச்சேன், எப்பயும் திரும்பி வர்ற அந்தச் சத்தம் வரல, நின்னுட்டேன்" என்றாய். அவ்வளவுதான்.

நான் பார்வதியை அங்கேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். இனிமேல் இந்தப் பேச்சை வீட்டில் எடுத்தால் பார் என்றேன். அவள் எடுக்கவே இல்லை. ஆனால் எனக்கு உன் பதில் உறுத்திக்கொண்டிருந்தது. மறுநாள் ஒரு ஆளை அதே இடத்தில் குந்த வைத்து ஹார்ன் அடித்துப் பார்த்தேன். எதிரொலி எப்போதும் போல வந்தது. குந்தியிருக்கிற ஒரு ஆள் அதை எப்படி மறைப்பான்? உன்னிடம் சொன்னேன். "வரலன்னா வரல. விடுறா" என்று எரிந்து விழுந்தாய். நீ என்மேல் எரிந்து விழுந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகுதான் நீ எனக்குக் காவல்காரன் ஆனாய். தூக்கி நிறுத்திய கரங்களுக்கு அடியில் நான் படுக்கப் போனால், இந்த மரக்கட்டையைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தாலொழிய விடமாட்டாய். எண்ணெய்க் குழாய் எந்த நேரமும் விட்டுப்போய்க் கரம் கீழே வந்துவிடும் என்று நான் உனக்குச் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்வாய். நான் அடியில் இருக்கும்வரை சாவி உன் பையில். கூரை விளக்கை மாற்ற என்னைக் கரங்களில் நிற்க வைத்துத் தூக்கச் சொன்னபோது, தவுக்கே சொல்லியும் முடியாது என்றுவிட்டாய். போகட்டும், வேலை இடத்தில் சரி. வீட்டுக்கும் வந்தாய். சாயங்காலம் வாய்க்காலைத் தாண்டி வந்து, வாசலில் நின்று, "மணியம் இருக்கானா?" என்று கேட்பாய். இருக்கேன் என்றால் திரும்பிப் போய்விடுவாய். "நான் என்னா பச்சப்புள்ளயாடா?" என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். நீ சிரிப்பாய். ஏழெட்டு வருடம் அப்படியே ஓடியது.

பிறகு பெரியாஸ்பத்திரி. நெஞ்சு வலி என்று உன்னைப் படுக்க வைத்திருந்தார்கள். பேச வேண்டாம் என்றார் டாக்டர். நீயா கேட்பாய்? என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்.

"அன்னைக்கு ஹார்னுக்குப் பதில் எப்பயும் போல வந்துச்சு மணியம். வண்டிய எடுத்துட்டேன். அப்பத்தான் உன் குரல் கேட்டுச்சு. 'ஆள் இருக்கு, நிறுத்துறா'ன்னு. முனைக்கு அந்தாண்ட இருந்து. என்னைய நிறுத்துறான்னு அதட்ட அங்க வேற யாரு இருக்கா? நீதான்னு நெனச்சு நிறுத்திட்டேன். பாத்தா நீ ரோட்டுலேர்ந்து ஓடி வர்ற."

"அதை ஏண்டா அன்னைக்கே சொல்லல?"

"உசுரோட இருக்கறவன் குரல் அவன் இல்லாத எடத்துல கேட்டா அவன் ரொம்ப நாளு இருக்க மாட்டான்னு எங்காத்தா சொல்லும். வாய விட்டுச் சொன்னா பலிச்சுப் போயிரும்னு பயந்துட்டேன். இத்தன வருசம் ஒன்னைய நான் எப்படிப் பாத்துக்கிட்டேன்னு எனக்குத்தான் தெரியும். இப்ப நான் முந்திக்கிட்டேன் பாரு. இனிமே ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

நான் அழுதேன். உனக்கு எதிரில் அழுததில்லை, அன்று அழுதேன். ஆனால் மனசுக்குள் ஒரு மூலையில், பாவம், பயத்தில் எதையோ கேட்டிருக்கிறான் என்றும் நினைத்துக்கொண்டேன். இயந்திர இரைச்சலில் மனிதனுக்கு எதுவும் கேட்கும். மறுநாள் உன் மகன் வந்து வாசலில் நின்றபோதுகூட எனக்கு அந்த எண்ணம்தான் இருந்தது.

நான் உனக்குச் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. உன் கருமாதி முடிந்து வீட்டுக்கு வந்தேன். பார்வதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நீ சொன்ன எதையும் நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "அன்னைக்கு முனையில குந்தியிருந்தியே, ஹார்ன் கேட்டுச்சுல்ல. அதுக்கப்பறம் ஒனக்கு என்னா கேட்டுச்சு?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னா இப்படிக் கேக்கறீங்க? நீங்கதானே கத்துனீங்க. 'ஆள் இருக்கு, நிறுத்துறா'ன்னு. என் காதுக்குப் பக்கத்துல, மூச்சுக் காத்து கழுத்துல படற மாதிரி. திரும்பிப் பாத்தேன், காணோம். அதுக்குள்ள சுத்திக்கிட்டு வாசப்பக்கம் போயி ஓடி வர்றீங்க, ஏசறீங்க. எப்படி அவ்வளவு வேகமாப் போனீங்கன்னு கேக்கலாம்னுதான் இருந்தேன். நீங்கதான் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டீங்களே."

கீரையை ஆய்ந்துகொண்டே சிரித்தாள். "அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் இத்தன வருசமா ஒங்க ஏச்சு பேச்சு எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டுக் கெடக்கறேன். இல்லன்னா எப்பவோ எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்."

நான் அன்று ரொட்டியும் வாயுமாகக் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. கத்தியது நான் இல்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருப்பேன், நீ இல்லை. சமைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டாள், எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தேன். நல்ல துண்டு மீனை எனக்கு ஒதுக்கி வைத்திருந்தாள், எப்போதும் போல. யாரோ காப்பாற்றியதற்கு நான் நன்றி வாங்கிக்கொண்டிருக்கிறேனடா. இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது அந்த மீனை எடுக்கக் கை கூசியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டேன்.